இரண்டாவது பிரேக்

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்பவருக்கு. மற்றது கற்றுக்கொடுக்கும் மாஸ்டரின் காலடியில், ஆபத்துக்கு. மாஸ்டர் அதை நாள் முழுவதும் மிதித்துக்கொண்டிருந்தார்.

எதிரே லாரி வந்தால் மிதித்தார். வராவிட்டால், வரப்போகிறதே என்று மிதித்தார். இத்தனை வருடத்தில் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக நெஞ்சு படபடத்தது. ஈ.சி.ஜி. எடுத்தார். ஒன்றுமில்லை என்றார்கள். மெஷின் பழுதோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

“வண்டி நகரவே மாட்டேங்குதுன்னு ஆளுங்க வேற பள்ளிக்குப் போறாங்க, மாப்ள,” என்றார் டிரைவிங் பள்ளி முதலாளி. மாஸ்டருடைய மனைவியின் அண்ணன். “இன்னும் ஒருத்தர் போனா, நீங்க ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க.”

போன் மணி அடித்தாலே மாஸ்டருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அன்று வந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயது. கியரைக் கடைவாய்ப்பல் பிடுங்குவதுபோல் பிடித்தார். முதல் திருப்பத்துக்குள் கார் பலமுறை குலுங்கி நின்றது.

“என் தப்பா, மாஸ்டர்?”

“போகப் போகச் சரியாயிடும், மேடம்.”

அடுத்த குலுங்கலில் டாக்டர் குனிந்து பார்த்தார். காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

“உங்க கால் எங்க இருக்கு?”

“சும்மா… பாதுகாப்புக்கு.”

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. காலரைத் தளர்த்தினார். “செத்துடுவேன்னு தோணுது, மேடம்.”

“வண்டி நிக்குதே.”

“தெரியும். அதான் அசிங்கமா இருக்கு.”

டாக்டர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: “என் நாற்காலியில உக்கார்றவங்க பாதிப் பேர் இப்படித்தான். ஒரு போலீஸ்காரர் கடிச்சே வெச்சிட்டார். பயந்தா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்னு சொல்வேன்.”

“நிறுத்துவீங்களா?”

“பின்ன? அடுத்த தடவை வரணுமே. காலை மடக்கி மேல வைங்க.”

மாஸ்டர் செருப்பைக் கழற்றி, சீட்டில் சம்மணமிட்டார். ஆளில்லாத சாலையில் கார் மெல்ல நகர்ந்தது.

நாய் ஒன்று படுத்திருந்தது. மாஸ்டரின் இடது கை உயர்ந்தது. கார் நின்றது. நாய் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. அடுத்து ஒரு தபால் பெட்டி.

“இது குறுக்க வராது, மாஸ்டர்.”

“தெரியும், மேடம்.”

கடைசித் தெருவில் கை பாதிவரை எழுந்து, தானாக மடியில் விழுந்தது.

பள்ளி வாசலில் முதலாளி நின்றிருந்தார். “என்ன மாப்ள, வண்டியில தியானமா?”

டாக்டர் சாவியைக் கொடுத்தார். “நாளைக்கும் இவரே வரட்டும். வண்டி நல்லா நகருது.”

வேலை தப்பியது. மாஸ்டர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“மச்சான், அரை நாள் லீவு வேணும். டாக்டரைப் பாக்கணும்.”

“பல் வலியா?”

“பல்லெல்லாம் கெட்டியா இருக்கு. பயம்.”

முதலாளி சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “எதைக் கண்டு?”

“அதைத்தான் கேக்கப் போறேன்.”

முதலாளி வெகுநேரம் தலையைச் சொறிந்தார். “தனியாப் போக வேணாம். நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க ஓட்டி நான் பாத்திருக்கேன், மச்சான். பஸ்ல போலாம். கூட வாங்க.”