மோடத்துக்கு ஒரு குழி

காளவாசல் தெருவில் இன்டர்நெட் மேட்டில் ஏறாது. பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். தெருமுனை வீடுகளில் கொடகொடவென்று கொட்டும், நடுவீடுகளுக்கு நிதானமாக வரும், கடைசி வீட்டில் சொட்டும். கடைசி வீடு வடிவின் வீடு. அது மேட்டில் வேறு இருந்தது. மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்துக்கு லைனைத் திறந்து விடுவார்கள். குழம்பு கொதித்து இறக்குவதற்குள் அடைத்துவிடுவார்கள். அதற்குள் பிடித்தால்தான் உண்டு.

வடிவின் புருஷன் லிங்கதுரை குவைத்தில் ஒரு குடோனில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறான். மகள் தன்ஷிகா அவன் போன பிறகு பிறந்தவள். பிள்ளைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்ட வாரம், கேபிள்கார அருளப்பன் மோடத்தோடு வந்தார்.

"எங்கம்மா வைக்க?"

வடிவு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த மேல்தட்டைக் கையால் காட்டினாள். புதுச் சாமான் எதுவானாலும் அவள் அங்கேதான் வைப்பாள். அருளப்பன் மாட்டிவிட்டு, மிச்ச வயரை வளையமாகச் சுற்றி ஆணியில் தொங்கவிட்டார். மோடத்தில் நாலு விளக்கு. முதல் விளக்கு எரிந்தது, இரண்டாவது எரிந்தது, நாலாவதும் எரிந்தது. மூன்றாவது மட்டும் எரியவில்லை.

"காத்து அடைச்சிருக்கும்," என்றார். வயரைக் கழற்றி, வாயில் வைத்து, மண்ணெண்ணெய் டியூபை உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சினார். முதலில் ஒரு குக்கர் விளம்பரம் வந்தது. அதை வாசலில் துப்பினார். அடுத்து யாரோ ஒருவர் கல்யாண வீடியோவில் பந்தி பரிமாறுகிற இடம் வந்தது. அதையும் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வயரைத் திருகி மாட்டினார். மூன்றாவது விளக்கு மினுக்கென்றது.

"சொட்டும். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்கம்மா. உங்க வீடு மேடு. ஒரு மோட்டார் வச்சுக்கிடுங்க. தெருவுல எல்லாரும் வச்சிருக்காவ."

மோட்டார் போட்டால் பிள்ளை பதறி அழும். வடிவு வைக்கவில்லை.

சொட்டுகிற நெட்டில் ஒரு பிள்ளை முழுசாகப் போகாது. லிங்கதுரைக்கு ஒரு நாள் மகளுடைய இடது காது போனது. இன்னொரு நாள் ஒரு முட்டி போனது. பொங்கலுக்கு முதல் வாரம் பிடரி போனது. அவன் எதையும் குறை சொல்லவில்லை. "முட்டி வந்துச்சு வடிவு. நல்லா உருண்டையா இருக்கு," என்பான். முகம் மட்டும் ஒரு தடவையும் போய்ச் சேரவில்லை. முகம் கனம். பாதி வழியிலேயே பேச்சித்தாய் வீட்டு மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும்.

பேச்சித்தாய் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். வாய் பெரிசு, மனசு மோசமில்லை. தன் வீட்டில் வந்து விழுந்ததை மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் தட்டு போட்டு மூடிக் கொண்டுவருவாள்.

"ஏட்டி வடிவு, உன் மக சிரிப்பு நேத்து எங்க வீட்டு டிவியில வந்து விழுந்துட்டு. நாடகத்துல மாமியாக்காரி விஷம் கலக்குதா, குறுக்க இது கெக்கெக்கேன்னு சிரிக்கி. இந்தா பிடி. டம்ளர மறக்காம தா."

வடிவு டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். மோட்டாரைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும். டம்ளரை நீட்டும்போது உள்ளே போய்விடும். அவள் அப்படித்தான். கடையில் மிளகாய் கேட்டு மல்லி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

மாசி மாதம் லிங்கதுரை போனில் கேட்டான்.

"மூக்கு எப்படிட்டி? உன் மூக்கா, எங்கம்மா மூக்கா?"

"மூக்கு மாதிரித்தாங்க இருக்கு."

"நாளைக்கே நான் ஊருக்கு வாரேன்னு வையி. ஏர்போர்ட்டுல நாலு பிள்ளைய நிப்பாட்டினா எம் பிள்ளை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஒவ்வொண்ணுக்கா உக்காந்து முட்டியப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிரிப்பு கடைசி வரைக்கும் நிற்கவில்லை. வடிவு போனை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். தன்ஷிகா கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவை நிற்கிறாள்.

நடக்கிற பிள்ளை வயரில் நுழையாது. இது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தவழ்கிற வரைக்கும் பிள்ளை ஒரே மூச்சில் போய்விடும். காலை ஊன்றி நாலு அடி எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் பெரிய ஆட்களைப் போலத் துண்டு துண்டாகத்தான். நடுவீட்டு ஜெபராணி மகனை நடந்த பிறகுதான் துபாய் தகப்பனுக்கு அனுப்பினார்கள். தாடை முதலில் போய், நெற்றி போகிறதற்குள் பையன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தன்ஷிகாவுக்கு ஒரு வயசு. லிங்கதுரைக்கும் அன்றைக்கு லீவு. அதற்கு மேல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். விட்டுவிட்டு நடந்துவிடுவாள்.

வடிவு மோடத்தோடு உட்கார்ந்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வயரின் மரையைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி இறுக்கினாள். பின்னால் இருந்த ஊசி ஓட்டையில், தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். நாலு விளக்கும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காது போன அன்றைக்கு மோடம் மேல்தட்டில் இருந்தது. முட்டி போன அன்றைக்கு, ஒட்டடை அடிப்பதற்காக அதை ஸ்டூலில் இறக்கி வைத்திருந்தாள். தரை மெழுகித் துடைத்த அன்றைக்குத் தரையிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் இரண்டு உள்ளங்காலும் பிடரியும் சேர்ந்து போயின.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கரிசல் மண் முதலில் கடினமாக இருந்தது. முட்டளவு போனபின் பொலபொலவென்று வந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"என்ன வடிவு, செப்டிக் டேங்கா?"

"புதையல் கிதையல்னா எங்களையும் கூப்பிடுட்டி!"

பேச்சித்தாய் கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆழம் போதாது. எடு, இன்னும் எடு. உன் மாமியா வந்தா உள்ள நின்னு ஒளிஞ்சுக்கிடலாம்."

வடிவு தலையைக் குனிந்துகொண்டு தோண்டினாள். தோண்டுகிறவள் தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. இடுப்பளவு போனபோது மண் ஈரமாக இருந்தது. தெருக்காரர்கள் பார்த்துச் சிந்தியதெல்லாம் அதில் ஊறியிருந்தது. ஒரு கூடை மண்ணில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்றின் கைதட்டல் இருந்தது. இன்னொரு கூடையில் மீன் குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு இரண்டையும் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். நல்ல பாதை என்று தெரிந்துகொண்டாள். அத்தனையும் மண்ணுக்கடியில் இந்தப் பக்கமாகத்தான் வந்து தேங்கியிருக்கிறது. தன்னுடைய மோடம்தான் மேலே உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறது.

வியாழக்கிழமை சாயந்திரம் குழி அவள் கழுத்தளவு இருந்தது. இறங்க மூன்று படி வெட்டி, சாணி தெளித்து, அடியில் அம்மிக்கல்லைப் போட்டு, அதன்மேல் மோடத்தை வைத்தாள். ஆணியில் தொங்கிய மிச்ச வயர் குழிக்குள் இறங்கச் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தன்ஷிகாவுக்குத் தலைக்கு ஊற்றி, மஞ்சள் கவுன் போட்டு, கன்னத்தில் பொட்டு வைத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியில் இறங்கினாள். மேலே தெருவே நின்றது. அருளப்பனும் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"தாயி, பள்ளத்துல மோடம் வச்சு நான் பாத்ததில்ல," என்றார்.

சோறு வடிக்கிற நேரம் ஆயிற்று. லைனைத் திறந்தார்கள். தெருமுனையில் பேச்சித்தாய் வீட்டு மோட்டார் உறுமியது. மூன்றாவது விளக்கு மஞ்சளாக ஒரு தடவை எட்டிப் பார்த்து, போய்விட்டது.

தன்ஷிகா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். குழியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கையை எடுத்தாள்.

வடிவு அம்மிக்கல்லைப் புரட்டித் தள்ளினாள். அந்தக் கல்லின் உயரம்தான் மிச்சம். கல் கிடந்த இடத்தில் வெறுங்கையால் மண்ணைப் பறித்து, பள்ளம் செய்து, மோடத்தை அடைமுட்டை வைக்கிற மாதிரி அதற்குள் வைத்தாள்.

விளக்கு பச்சையாக எரிந்தது. மினுக்கவே இல்லை. நின்று எரிந்தது.

தெருவில் ஒவ்வொரு வீடாக மோட்டார்கள் இளைத்து, வறண்டு ஓடி, நின்றன. எல்லாம் பள்ளத்தைப் பார்த்து வந்தது. வடிவு பிள்ளையை அள்ளி எடுத்துப் போனுக்கு நேராகப் பிடித்தாள். தன்ஷிகா போனாள். உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும், கவுன், பொட்டு, வாயில் வைத்திருந்த விரல் எல்லாத்தோடும், ஒரே மூச்சில் போனாள்.



"வந்துட்டாளாங்க?" என்றாள் வடிவு.

"வந்துட்டா." என்றான் அவன். "முழுசா வந்துட்டா. ஏட்டி, மூக்கு உன் மூக்குட்டி. அப்படியே உன் மூக்கு. எங்கம்மா சண்டைக்கு வருவா."

"பொட்டு கலைஞ்சிருக்கா?"

"இல்ல. பொட்டு, மண்ணு, எல்லாம் இருக்கு. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நீயும் கூடவே வந்திருக்க வடிவு. நான் பிளேன் ஏறினதுல இருந்து உன்னையும் இன்னைக்குத்தான் முழுசா பாக்கேன். முகமெல்லாம் சேறா கெடக்கு."

வடிவு முந்தானையைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

அவன் கையை நீட்டினான். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டான். தன்ஷிகா அவன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவன் எடுக்கவில்லை, அவளும் விடவில்லை. தெருவில் யார் வீட்டிலோ குழம்பு இறக்குகிற வாசனை வந்தது. லைனை அடைத்துவிட்டார்கள்.

வடிவு பிள்ளையோடு மேலே ஏறிவந்ததும் அருளப்பன் குழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா சொல்லித் தந்தா?"

"நானாத்தான் தோண்டினேன்," என்றாள் வடிவு. தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான்ட்டி தெரியுது," என்றாள் பேச்சித்தாய். "அது கெடக்கட்டும். எங்க வீட்டுல நாடகம் வரல்ல. பாதியில நின்னுட்டு."

வடிவு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். நாடகத்து மாமியாக்காரி விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வடிவு இறங்கி, அவளைச் சிந்தாமல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் எடுத்து, தட்டு போட்டு மூடிக் கொடுத்தாள்.

"டம்ளர மறக்காம தாங்கக்கா."

பேச்சித்தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று சாயந்திரம் தன்ஷிகா கிரைண்டரிலிருந்து கதவு வரைக்கும் நடந்தாள்.

மறுநாள் காலையில் வடிவு படி துடைக்க இறங்கியபோது, லிங்கதுரையின் வலது கை குழிக்குள் இருந்தது. முழங்கை வரைக்கும் வந்திருந்தது, வாட்சோடு. அவன் போன் பண்ணினான்.

"ஏட்டி, நேத்து லைன் அடைக்கும்போது கைய அங்கயே விட்டுட்டேன் போல."

"பாத்தேங்க. மண்ணத் தொடச்சு உள்ள கொண்டுபோயிட்டேன். அங்க வேலைக்கு?"

"இடது கையால ஓட்டிக்கிடுதேன். அது அங்கயே இருக்கட்டும். பிள்ளை தூங்குறாளா?"

"இப்பத்தான் சிணுங்குதா."

வடிவு அந்தக் கையைக் கழுவி, ஈரம் துடைத்து, தூளிக் கயிற்றைப் பிடிக்கக் கொடுத்தாள். அது ஆட்டத் தொடங்கியது. கொஞ்சம் வேகம்தான், பழக்கமில்லாத கை. அவள் வாட்சில் நேரத்தைப் பார்த்தாள். லைன் திறக்க இன்னும் நேரம் இருந்தது. இனி அவன் தோளும் வருகிறதென்றால் குழியின் இந்த அகலம் பத்தாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.