எங்கள் மரத்தில் மட்டும்

சவ்வாது மலைச் சரிவுகளில் மாசித் திங்களின் வெயில் இறங்கி, சாமை அறுத்து வெறுமையான கொல்லைகளைச் சுட்டு, பாறை இடுக்குகளில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, மேற்கே சாயத் தொடங்கிய பிற்பகல் அது. புளி உலுக்கும் காலமாதலால் வழியோர மரங்களிலிருந்து பழங்கள் சடசடவென உதிரும் ஓசை ஓயாது கேட்டது. அவ்வோசையினூடே, போளூர்ப் பேருந்தை விட்டிறங்கி, மூன்று கல் தொலைவு ஏற்றத்தில் நடந்து, முழங்கால் நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்தபடி வந்தார் மறைப்பணியாளர் துரைக்கண்ணு.

முப்பது ஆண்டுகளாக இம்மலைக்கு வந்துபோகிறவர். திருமறையின் எந்த ஏட்டைப் பிரித்தாலும் அதில் கிறித்துவைக் காட்டிவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. அதில் சற்றே செருக்கும் உண்டு என்பதை நாம் மறைப்பானேன்? அதிலும் மரம் என்றால் அவருக்குத் தனி விருப்பம். நோவாவின் பேழைக்கு இழைத்த பலகையும், ஈசாக்கு தோளில் சுமந்த விறகும், கசந்த நீரை இனிப்பாக்க மோசே எறிந்த மரமும் சிலுவையின் நிழலே என்று அவர் விரித்துரைத்தால் மலைமக்கள் வாய்பிளந்து கேட்பார்கள். ஆயினும் அண்மைக் காலமாக அச்சொற்கள் நாவில் தாமாகவே ஓடுவதையும், உள்ளம் உடன்செல்லாமல் பின்தங்குவதையும் அவர் அறிந்திருந்தார். அலுப்பு உடம்பில் மட்டும் இல்லை.

அன்று அவர் சென்றது அம்சவல்லியின் வீட்டுக்கு. அவள் கணவன் சின்னராஜ் இறந்து பத்து நாள் ஆயிற்று என்ற செய்தி மட்டுமே அவருக்கு எட்டியிருந்தது. எவ்வாறு இறந்தான் என்று அவர் கேட்கவில்லை. வாயிலில் குவிந்திருந்த புளியை உடைத்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தவள் பாய் விரித்துவிட்டு மீண்டும் வேலையில் அமர்ந்தாள். அவரோ மறைநூலைத் திறந்து, பழகிய தடத்திலேயே போனார்.

"எல்லா மரத்திலும் ஆண்டவர் இருக்கிறார், அம்மா..."

அவள் கை நின்றது.

"எங்க வூட்டுக்காரு மரத்துல ஏறி புளி உலுக்க சொல்லோ கெள முறிஞ்சி வுயுந்துதாங்க செத்தாரு. எல்லா மரத்துலயும் அவுரு இருக்காருன்னு நீங்கதான சொல்றீங்க? எங்க மரத்துல மட்டும் இன்னாத்துக்கு இல்லாம பூட்டாரு? பதில் சொல்லுங்க ஐயா. இல்லன்னா இனிமே நான் செபத்துக்கு வரமாட்டேன்."

விடைகளா இல்லை அவரிடம்? இறைவன் சித்தம் என்பார்கள், சோதனை என்பார்கள். ஒவ்வொன்றும் தொண்டைவரை வந்து, அவள் முகத்தைக் கண்டதும் கூசித் திரும்பியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: 'நீர் இங்கிருந்தால் என் உடன்பிறந்தான் செத்திருக்கமாட்டானே' என்று, இறந்த லாசருவின் உடன்பிறந்தாள் மரியாள் ஆண்டவரின் காலில் விழுந்து கேட்டாளே, அதே கேள்வியல்லவா இது! எழுத்தறியாத இவள் வாயில் திருமறை தானே வந்து நிற்கிறதே! மரியாளுக்கு ஆண்டவர் விளக்கம் ஏதும் சொல்லவில்லை, அழுதார்.

அதை எடுத்துச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அங்கே ஆண்டவர் அழைக்க, லாசரு உயிரோடு எழுந்து வந்தான். சின்னராஜ் இன்று எழுந்து வரப்போவதில்லை. துரைக்கண்ணு நூலை மூடினார்.

"தெரியலம்மா. எப்படிச் செத்தாருன்னுகூட கேக்காம பேசிட்டேன். மன்னிச்சிக்க" என்றார். குரல் உடைந்து கண்ணீர் வழிந்தது.

அம்சவல்லி, "கடைசி பஸ்சு பூடுங்க ஐயா" என்றாள்.

"போவட்டும்மா."

குவியலிலிருந்து ஒரு புளியை எடுத்து உடைத்தார். அவளும் உடைத்தாள், உடைத்துக்கொண்டே, பத்து நாளில் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். செபத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்று மறுபடி சொல்லவுமில்லை. முப்பது ஆண்டுகள் ஏடுதோறும் கிறித்துவைக் கண்டு காட்டியவர், அன்று அவள் கேள்வியில் கண்டதை ஒருவருக்கும் காட்டாமல், அழுகிறவளின் அருகில் வெறுமனே இருந்தார்.