மறுமுனைக்கு ஒரு கல்

1.

இந்தக் கதையை நான் திருடினேன். 1987இல், கோலா பிலாவிலிருந்து சிரம்பான் போகிற பேருந்தில், என் பின் இருக்கையில் இரண்டு குரல்கள், ஒன்று ஆண், ஒன்று பெண், சண்டை போட்டுக்கொண்டு வந்தன.

"ஆள அங்கயே விட்டுட்டு வந்துரு. ஒன்னால தூக்க முடியாது."

"தூக்குவேன்."

"அம்பத்தெட்டுக் கிலோ. அதோட ஒரு கல்லையும் தூக்குறேங்கிற."

"கல்லு இருந்தாத்தான் தூக்க முடியும்."

ஏதோ கொலைக் கேஸ் என்று பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். புக்கிட் பூத்துஸ் மலைப்பாதை வளைவுகள் முடிகிற நேரத்தில்தான் அது ஒரு விளையாட்டு என்று புரிந்தது. பகடை உருட்டி, வாயாலேயே குகைக்குள் நுழைந்து, வாயாலேயே பூதத்தை வெட்டுகிற விளையாட்டு. நான் திரும்பி முகம் பார்க்கவில்லை. எனக்குக் கதை குரலாகத்தான் வரும். மூக்கும் முழியும் பிறகு நானாக ஒட்டவைப்பது.

2.

தொடக்கம் ஒன்று: 'ரப்பர் மரங்களுக்கு மேல் கருமேகங்கள்...' (மேகம் யாரிடமும் பேசுவதில்லை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: 'முருகையா நல்லவன்தான், ஆனால்...' (இந்த 'ஆனால்' வந்ததுமே அவன் வில்லனாகிவிடுகிறான். நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் மீசை முளைத்துவிட்டது.)

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல்:

ஞாயிற்றுக்கிழமை மதியம், ராக்கம்மா தன் அண்ணன் வீரமுத்துவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான்கு மாதத்துக்கு முன்பு மேட்டுக்காட்டில் பால் வாளிகளோடு சறுக்கி விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவன் அவன். வாரத்தில் ஆறு நாள் பாயே கதி. ஏழாவது நாள் மட்டும், அந்தப் பகடை விளையாட்டுக்குள், கயிறு ஏறுவான், ஆற்றை நீந்திக் கடப்பான். இந்த ஆட்டத்தில் அவன் திருடன், அவள் போர்வீராங்கனை.

கொட்டகையில் காத்திருந்தது தோட்டத்துக் குமாஸ்தா, சின்னக் கிராணி முருகையா. மற்ற நாட்களில் அதே இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து எழுதுகிறவன். நகலெடுத்த இங்கிலீஷ் விதிப்புத்தகம் அவனிடம் இருந்ததால் ஆட்டத்துக்கும் அவனே நடுவர்.

அன்று குகைச் சுவரில் ஏறும்போது வீரமுத்து உருட்டிய இருபது முகப் பகடையில் இரண்டு விழுந்தது. திருடனும் விழுந்தான். கால் முறிந்தது. குகைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

"இங்கயும் விழுந்துட்டனா? நல்லாருக்குடா," என்றான் வீரமுத்து.

ஆட்டத்தில் செத்தவர் அந்தக் குகை முடியும்வரை மறுபடி ஆட வந்து உட்காரக் கூடாது. மூன்று பேரும் ஒத்துக்கொண்ட சட்டம்.

"இந்தக் குகை முடிய தீபாவளி ஆயிரும்," என்றான் முருகையா.

"அப்ப தீபாவளி வரைக்கும் சைக்கிள எடுக்காத, தங்கச்சி. பாயிலயே கெடக்குறேன்."

ராக்கம்மா அண்ணனைப் பார்க்கவில்லை. "தூக்கிட்டுப் போறேன்னு எழுதுங்க, கிராணி."

(அண்ணனின் முதுகு பேருந்தில் இல்லை. அது நான் சேர்த்தது. அது இல்லாமல் எழுதிப் பார்த்தபோது கதை ஒரு பக்கமாகவே சாய்ந்து விழுந்தது. எத்தனை முறைதான் தூக்கி நிறுத்துவது?)

3.

"ஒனக்கு எழுதியிருக்குற பலத்துக்கு எழுபது கிலோ வரைக்கும்தான். அதத் தாண்டுனா ஒரு அடி நகர முடியாது. அண்ணன் அம்பத்தெட்டு, ஒன் சாமான் பத்து. நகரலாம், ஆனா ஆமை மாதிரி. வாசலுக்குப் போறதுக்குள்ள தண்ணி மூடிரும்," என்றான் முருகையா.

"முதுகுல போட்டாத்தான ஆமை? காண்டாக் கம்புல தூக்குறேன்."

காண்டாக் கம்பு என்பது, இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைக்கிற கம்பு. ஏழு வருடமாக ராக்கம்மா தினமும் அதோடுதான் மேட்டுக்காட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்குகிறாள்.

"குகைக்குள்ள கம்பு ஏது?"

"என் ஈட்டி இருக்குல்ல."

"சரி, ஒரு முனையில அண்ணன். மத்த முனையில?"

"கல்லு."

"கல்லு எடை சேரும் லா."

"சேரட்டும்."

"சேந்தா எழுபதத் தாண்டிரும். நகரவே முடியாது."

"கல்லு இல்லாட்டித்தான் நகர முடியாது."

"புத்தகத்துல அப்படி இல்ல."

"புத்தகம் எழுதுனவரு எந்தத் தோட்டத்துல பால் எடுத்தாரு?"

"தராசுல நிறுக்கப் போறீங்களா, தூக்கப் போறீங்களா?" என்றான் வீரமுத்து. "தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு."

(இந்த இடத்தில் எனக்கே அலுத்துவிட்டது. ஒரு வரி விதி, அதற்கு மூன்று பக்கச் சண்டை. விட்டுவிடலாம் என்று பேனாவை மூடினேன். ராக்கம்மா எழுந்துவிட்டாள்.)

அவள் சுவரோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்து, ஒரு முனையில் தண்ணீர் நிரம்பிய வாளியை மாட்டி, முருகையாவின் தோளில் வைத்தாள். கம்பு எகிறியது. வாளி கவிழ்ந்து அவன் கால் சப்பாத்து நனைந்தது.

"நீங்க எத்தன கிலோ தூக்குனீங்க?"

"இருவது. தூக்கல, ஊத்துனேன்."

அவள் மறுபடி நிரப்பினாள். இந்தத் தடவை இரண்டு முனையிலும் வாளி. முருகையா தள்ளாடி, பிறகு நிமிர்ந்து, தராசிலிருந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"இப்ப எத்தன கிலோ?"

அவன் வாளிகளை இறக்கி வைத்தான்.

"நாப்பது," என்றான் வீரமுத்து. "எழுதிக்க."

"வாளி வேற, ஆள் வேற," என்றான் முருகையா. "ஆளுக்குச் சமமா கல்லு வச்சா அது மட்டும் அம்பத்தெட்டு. யாராலயும் முடியாது, ராக்கம்மா."

"சமமா யாரு வைக்கச் சொன்னா? தோள அண்ணன் பக்கம் தள்ளிக் குடுத்தா, நீளமான மறுமுனைக்குச் சின்னக் கல்லே போதும்."

"அடுத்த வாரம் பாப்போம்," என்று முருகையா புத்தகத்தை மூடினான். நடுவர் மூடினால் ஆட்டம் நின்றுவிடும். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் இடுப்பளவிலேயே நின்றுகொண்டிருந்தது.

4.

முடிவு ஒன்று: முருகையா புத்தகத்தைக் கிழித்துப்போடுகிறான். (மாட்டான். அதை நகலெடுக்க சிரம்பான் வரைக்கும் இரண்டு தடவை போனவன்.)

முடிவு இரண்டு: வீரமுத்து கண் கலங்கி, "என்ன விட்டுட்டுப் போ, தங்கச்சி..." (ராக்கம்மா "வாய மூடுண்ணே" என்றுவிட்டாள். அதோடு அவன் எனக்குப் பேசித்தர மறுக்கிறான்.)

முடிவு மூன்று: அவள் பகடையை உருட்டுகிறாள். இருபது விழுகிறது. (இருபது என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுதான் கோளாறு. என் பேனா போடுகிற எண்ணை வீரமுத்து நம்பமாட்டான்.)

5.

ஆகவே மறுபடி பேருந்துக்கே போகிறேன். சிரம்பானில் அவர்கள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார்கள். இறங்குகிற கூட்டத்தில் முதுகுகள்தான் தெரிந்தன. எது யாருடையது என்று தெரியாது. கடைசியாகக் கேட்டது ஆண் குரல். தோற்றவன் குரல் இல்லை, களைத்துப்போனவன் குரல்.

"சரி லா. சின்னக் கல்லுன்னா எத்தன கிலோ?"

அவள் சொன்னதை டிரைவரின் ஹாரன் விழுங்கிவிட்டது.

இதற்கு மேல் என் வாயிலிருந்து ஒரு எண்ணும் வராது. தண்ணீர் திருடனின் மார்பைத் தொடுகிறது. முருகையா பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறான். அவனுக்கு ஒரு எடை சொல்லுங்கள்.