தருமாவின் மருந்து

மனித குலத்தின் ஆறாத மனக்காயங்கள் அனைத்துக்கும் அடி அண்ணாமலையில் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. போன வருடம் வரை அந்த மருந்து தரும் கட்டடத்தில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் தருமா. வேங்கிக்காலில் மனை விற்ற காலத்தில் தருமன். போதைக் காளான் கஷாயம், கண்ணுக்குக் கறுப்புத் துணி, புல்லாங்குழல் இசை, பக்கத்தில் அவர், இதுதான் சிகிச்சை. சட்டம் இடம் கொடுக்காததால் பலகையில் ‘மூலிகை’ என்று எழுதியிருந்தது. ஒரே தம்ளரில் தன் ஏழு முற்பிறவிகளைப் பார்த்ததாக யூடியூபில் அறிவித்திருந்தார். ஐந்தில் அவர் அரசர்.

திரௌபதி வந்தது பௌர்ணமி காலையில். கணவர் பஸ் விபத்தில் கண்ணெதிரே போனதிலிருந்து அவளால் எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. ஊருக்குள் எங்கும் நடைதான். வேலூரில் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது.

மலையின் ஆற்றல் படட்டும் என்று தருமா அண்டாவை வாசலில் வைத்து, முதல் கோப்பையை அவளிடம் நீட்டினார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று யார் காகிதக் கோப்பையை நீட்டினாலும் அது அன்னதானம். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. தருமா கண்மூடி மந்திரம் முடிப்பதற்குள் ஆளாளுக்கு மொண்டு குடித்து அண்டா காலி.

“சூப்பு ஜோரா இருக்கு சாமி. உப்புதான் கம்மி,” என்றாள் வரிசையில் வந்த காட்பாடி எல்லம்மாள். பிறகு திரௌபதியைப் பார்த்தாள். “இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?”

யாரிடமும் சொல்லாததையெல்லாம் திரௌபதி சொன்னாள். எல்லம்மாளோடு நடந்துகொண்டே சொன்னாள், அழுதாள். எல்லம்மாள் அந்த டிரைவரின் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள்.

“நானும் அந்தப் பக்கம்தான் போறேன். என் கையப் புடிச்சிக்கோ. பேரப்புள்ள வர்ற நேரத்துல நின்னு அழுதுனு இருப்பியா?”

அது தருமாவின் காதில் விழுந்தது. போதையோடு பஸ் ஏறி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துரத்தினார்.

“அம்மா, நில்லுங்க! பஸ் ஏறாதீங்க!”

“ஓடியே சுத்தறாரு பாரு, பெரிய வேண்டுதல் போல,” என்று கூட்டம் பயபக்தியோடு வழிவிட்டது.

ஓடியபடியே, காளான் விற்ற கோபிக்குப் போன் போட்டார். கோபி எடுத்தபோது பௌர்ணமிக்காகப் போட்ட தற்காலிக பஸ் ஸ்டாண்டில் திரௌபதியின் ஒரு கால் படியில் இருந்தது. அடுத்தது தரையை விடவில்லை. தருமா அவள் பையைப் பிடித்து இழுத்தார்.

“டேய் கோபி, ஊரே குடிச்சிடுச்சிடா! மாத்து மருந்து சொல்றா!”

“பதறாதீங்கண்ணே. அது சாதா காளான். நெசத்த வித்தா உள்ள தள்ளிடுவாங்கல்ல?”

“அப்போ போன மாசம் நான் குடிச்சது?”

“அதுவும் அதே பாக்கெட்டுதாண்ணே.”

தருமா பையை விட்டார். திரௌபதி கண்ணை இறுக மூடி அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். பஸ் புறப்பட்டது.

“உங்க மருந்து வேலை செய்யுது சாமி!” என்று ஜன்னலிலிருந்து கத்தினாள்.

அவர் அந்த ஏழு பிறவிகளையும் பார்த்தது போன மாதம்தான்.