கொடியேற்றத்துக்கு நடந்த பிள்ளை

சாந்தோம் தேவாலயப் பங்கில் ஜொவிட்டாவின் உடம்பு பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் போதும், அவள் கன்னத்தைக் கிள்ளாமல் ஒருவரும் நகரமாட்டார்கள். கிள்ளிய கையோடு, "என்ன ஐரின், பொண்ணு இப்பிடி ஊதிக்கிட்டே போறா?" என்று அம்மாவிடம் விசாரணை ஆரம்பிக்கும். ஒருத்தி கொள்ளு ரசம் என்பாள், இன்னொருத்தி சீரகத் தண்ணீர் என்பாள். பதினோரு வயதுப் பெண்ணுக்கும் காது இருக்கிறது என்பது இந்தப் பெரிய மனிதர்களின் நினைவுக்கே வராது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில்தான் ஜொவிட்டா முதலில் சொன்னாள்.

"மம்மி, முட்டி வலிக்குது."

இடது முட்டி. மாடிப்படி ஏறும்போது வலித்தது, பிறகு நடக்கும்போதும் வலித்தது. ஐரின் தைலம் தேய்த்துவிட்டாள். வலி போகவில்லை என்றதும் லஸ் பக்கம் ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முட்டிக்கு மட்டும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு. வெயிட்தான் பிரச்சனை. வாயைக் கட்டச் சொல்லுங்க, நல்லா நடக்க விடுங்க, தானா சரியாயிடும்."

கழுத்தைச் சுற்றி இருந்த கறுப்புப் பட்டையையும் ஐரின் அவரிடம் காட்டினாள். அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துப் பார்த்தவள் அவள். அது அழுக்கில்லை, சர்க்கரை வரப்போகிறது என்பதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது அவள் கண் பிள்ளையின் கால் விரல்களுக்குப் போனது. மாமனார் பவுல்சாமி சர்க்கரை நோயில் கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனவர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப்போட்டதெல்லாம் ஐரின்தான். அந்த நாற்றம் இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால் அவள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பயந்துபோய் அவள் செய்ததைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்றிலிருந்து பிள்ளை வலி என்று வாயைத் திறந்தால் ஒரே பதில்தான். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லியாச்சு. நடக்கச் சோம்பேறித்தனம். சும்மா நடிக்காத."

ஜொவிட்டா ஏன் இப்படிக் கனத்துப்போனாள் என்று யாராவது உண்மையாகவே கேட்டால், ஒரு ஆளைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஐரினுக்குச் சர்க்கரை. பிறந்தபோது நாலு கிலோ. நர்ஸ் வார்டு முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினாள். அப்பா ஃபிரெட்ரிக்கின் வீட்டில் எல்லாரும் தண்ணீர் குடித்தாலே சதை போடுகிற ரகம். இதெல்லாம் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததா? அப்புறம் கொரோனா வந்தது. ஓடியாட வேண்டிய ஆறு வயதில் இரண்டு அறை வீட்டுக்குள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடங்கி ஊர் திறந்தபோது, அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகள் ஆடிய இடத்தில் கார்கள் நின்றன. தெருக்கோடியில் கடல். ஆனால் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும், இருட்டிய பிறகு பெண்பிள்ளையை யார் கடற்கரைக்கு அனுப்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கென்று பி.டி. பீரியட் இருக்கிறது. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். ஐரின் அதே பள்ளியில் கணக்கு டீச்சர்.

அத்தை ஷெரில் ஒருத்தி இருக்கிறாள், ஃபிரெட்ரிக்கின் அக்கா. வரும்போதெல்லாம் கேக் வாங்கி வருவாள். ஜொவிட்டா இரண்டாவது துண்டில் கைவைத்தால், "போதும்டி, அப்புறம் கதவுல நுழைய வேணாமா?" என்று சிரிப்பாள். ஷெரிலின் மகன் ஸ்டீவ் மூன்று துண்டு தின்பான், எலும்பும் தோலுமாகத் திரிவான். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூலையில் ஜொவிட்டா விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தாள். ஐரின் இட்லியைக் குறைத்தாள், இரவில் சோற்றை நிறுத்தினாள், காலையில் எழுப்பிக் கடற்கரைச் சாலையில் நடக்கவைத்தாள். எடை குறையவில்லை. வலி கூடியது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி மாதா விட்ட வழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஐரின் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்கு, ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, பிள்ளைக்குக் காவி உடுத்தி, செருப்பில்லாமல், சாந்தோமிலிருந்து நடத்தியே கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ இந்த உடம்பை இறக்கிக் கொடு.

வருஷாவருஷம் பட்டணத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் அப்படி நடக்கிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் உண்டு, தொண்ணூறு வயதில் நடக்கிறவர்களும் உண்டு. அதனால் வீட்டில் யாருக்கும் இது பெரிய விஷயமாகவே படவில்லை. ஃபிரெட்ரிக் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்தான்.

"ஏன் ஐரின், அடையாறு பாலம் வரைக்கும் ஆட்டோல போயிட்டு, அங்கேர்ந்து நடந்தா ஆகாதா? காலு வலிக்குதுன்றாளே."

"மாதாகிட்ட சொன்னது சொன்னதுதாங்க. அதுலயும் பாதிக்குப் பாதி பேரம் பேசுவீங்களா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிற நல்லவர்களால் நடக்கிற கெடுதலுக்கு அளவே கிடையாது.

ஜொவிட்டா மறுக்கவில்லை. அவளுக்குக்கூட ஆசைதான். நடந்து முடித்தால் ஒல்லியாகிவிடலாம், ஒல்லியானால் ஒருவரும் கன்னத்தைக் கிள்ளமாட்டார்கள், மம்மி தன்னை நம்புவாள். அவள் கணக்கு இதுதான். கடையில் அவள் அளவுக்குக் காவிச் சுடிதார் கிடைக்காமல் தைக்கக் கொடுத்தார்கள். இடுப்பைச் சுற்றி அளவெடுத்த தையல்காரர் டேப்பைப் பார்த்துவிட்டு ஐரினைப் பார்த்தார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொடியேற்றத்தன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினார்கள். ஐரின், ஜொவிட்டா, ஷெரில். ஃபிரெட்ரிக் ஆபீஸிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். தார் ரோடு கொதித்தது. சாலையில் ஒருபக்கம் முழுக்கக் காவி. ஜெபமாலை சொல்லிக்கொண்டு, சின்னத் தேரில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் பந்தல் போட்டு மோர், ரஸ்னா, பிஸ்கட், புளிசாதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பட்டினப்பாக்கத்தில் ஒருவர் ஜொவிட்டாவின் கையில் ஜூஸ் பாக்கெட்டைத் திணித்தார். ஐரின் அதை வாங்கிப் பின்னால் வந்த பையனிடம் கொடுத்துவிட்டாள்.

"சர்க்கரைத் தண்ணி. வேணாம்."

ஜொவிட்டா பந்தலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியபடியே தரையில் பட்டது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து எழுந்தது. ஷெரில் பின்னாலிருந்து பார்த்து, "நேரா நடடி, வாத்து மாதிரி ஆடிக்கிட்டே போற," என்றாள்.

அடையாறு பாலத்தின் நடுவில் ஜொவிட்டா நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பொடிந்திருந்தது.

"மம்மி, முடியல. தொடையெல்லாம் வலிக்குது."

"இப்ப தொடையா? முட்டின்ன, இப்ப தொடைன்ற. நாளைக்கு என்ன சொல்லுவ?"

"நெஜமா மம்மி."

"எழுந்திரு ஜோ. எல்லாரும் பாக்குறாங்க. அந்தப் பாட்டியைப் பாரு, எப்பிடிப் போறாங்க. உனக்கு என்ன கேடு?"

பிள்ளை கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"மம்மி, நான் நடிக்கிறேனா?"

கேலியாக அவள் அதைக் கேட்கவில்லை. மூன்று மாதமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. தன் உடம்பில் இருக்கிற வலி உண்மையா பொய்யா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்தாள். ஐரினுக்கு அது புரியவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"மாதாவை நினைச்சுக்கிட்டு நட. எல்லாம் போயிடும்."

ஜொவிட்டா நடந்தாள். அடம்பிடித்து அங்கேயே உட்கார்ந்திருந்தால் கால் பிழைத்திருக்கும். அவ்வளவு நல்ல பிள்ளை, எழுந்து நடந்தாள். பாலம் இறங்கி, இடதுபக்கம் திரும்பி, தியசாபிகல் சொசைட்டி மதிலை ஒட்டிக் கொஞ்சதூரம் போனார்கள். நடைபாதையிலிருந்து சாலையில் கால்வைத்து இறங்கினபோது இடது கால் மடங்கியது. அவள் போட்ட சத்தத்தில் முன்னால் போன ஜெபமாலைக் கூட்டம் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தது.

ஐரின் முதலில், "எழுந்திரு," என்றுதான் சொன்னாள். பிறகு மகளின் காலைப் பார்த்தாள். பாதம் முழுக்க வெளிப்பக்கம் திரும்பி, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது போலக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உயிரே போயிற்று.

கூட்டத்திலிருந்து நான்கைந்து ஆண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவன் மூச்சு வாங்கியபடி, "யப்பா, இன்னா வெயிட்டுபா," என்றான். இன்னொருவன் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஜொவிட்டா அந்த ஆட்களைப் பார்த்து, "சாரி அங்கிள்," என்றாள்.

கபாலி என்று பேர் எழுதின ஒரு ஆட்டோ ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் இறங்கிவந்து பின்சீட்டைத் துடைத்தார். "ஏறு மேடம், ரோடு பூரா பிளாக்கா கீது, நான் சந்துல பூந்து போய்க்கினே இருக்கேன், நீ கொயந்தயப் புடிச்சுக்க." ஒவ்வொரு பள்ளத்திலும் ஜொவிட்டா அலறினாள். ஐரின் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாவிடம் எதைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். காலைத் தொடவில்லை, அது கிடந்த விதத்தைப் பார்த்ததுமே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். அதற்குள் ஃபிரெட்ரிக் ஓடிவந்துவிட்டான். படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் இருவருக்கும் காட்டினாள்.

"வளர்ற பிள்ளைங்களுக்கு தொடை எலும்போட உருண்டைக்குக் கீழ மெத்துன்னு ஒரு இடம் இருக்கும். வெயிட் கூடினா சில பேருக்கு அது தாங்காது. கோன் ஐஸ்ல மேல இருக்குற உருண்டை சரியுமே, அந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சரியும். பிரச்சனை இடுப்புல, வலி முட்டியில தெரியும். அதனால முட்டிய மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எவ்ளோ நாளா வலின்னு சொல்றா?"

"ஜூன்லேர்ந்து," என்றான் ஃபிரெட்ரிக்.

"நடக்கவிட்டீங்களா?"

ஃபிரெட்ரிக் ஐரினைப் பார்த்தான்.

"வலிக்குதுன்ன அன்னைக்கே படுக்க வச்சிருக்கணும். அப்பவே ஒரு ஸ்க்ரூ போட்டிருந்தா முடிஞ்சுபோற விஷயம். இன்னைக்கு முழுசா கழண்டு போயிருக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா உருண்டைக்குப் போற ரத்தக்குழாய் அறுந்திருந்தா அந்த எலும்பு செத்துடும். அது தெரிய மாசக்கணக்கா ஆகும். கால் குட்டையாகலாம். வாழ்நாள் பூரா விந்தித்தான் நடக்க வேண்டியிருக்கலாம். பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு இஷ்டம் இல்ல."

ஐரின் சுவரில் சாய்ந்தபடி நின்றாள். காவிப் புடவையின் கரையில் தார் ஒட்டியிருந்தது. அழுகை வரவில்லை. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கவைத்த நாட்கள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிரெட்ரிக் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ஜொவிட்டா கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் தலையைத் திருப்பினாள்.

"மம்மி, டாக்டர் பாத்தாங்களா? என்ன இருந்துச்சு?"

"எலும்பு சரிஞ்சிருந்துச்சும்மா. சரிபண்ணியிருக்காங்க."

"அப்போ வலிக்கும்னு சொன்னாங்களா?"

ஐரின் மகளின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ரொம்ப வலிச்சிருக்கும்னு சொன்னாங்க. பெரியவங்களாலயே தாங்க முடியாதாம்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. மயக்கம் தெளியாத, உதடு வெடித்த அந்த முகத்தில் மூன்று மாதமாக இல்லாத சந்தோஷம். பரீட்சையில் பாஸான சந்தோஷம் அது.

"நான் சொன்னேன்ல மம்மி," என்றாள். "ஷெரில் ஆன்ட்டிகிட்டயும் சொல்லிடுங்க. க்ளாஸ்லயும் சொல்லிடுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன்டா."

ஜொவிட்டா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி நடக்க முடியுமா என்று அவள் கேட்கவே இல்லை.