ஜெபத்தில் சொன்ன பெயர்

தம்பியின் காலுக்கு வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது யொகாஸ்டாவுக்கு வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பௌதிலியோ. அமெரிக்க அணி ஒன்றுக்காகப் பானி வட்டாரம் முழுக்கப் பேஸ்பால் பையன்களைத் தேடித் திரிகிறவர். கறுப்புச் சட்டை போட்டுத் துக்கம் கேட்க வந்திருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று.

"அம்மா, அவரு வந்துட்டாரு."

சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மிலாக்ரோஸ் தலையை மட்டும் அசைத்தாள். விடிந்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழவில்லை. அழுதால் பெயர் சொல்லி அழ வேண்டும். எந்தப் பெயரைச் சொல்வது?

பெட்டிக்குள் கிடந்தவன் சின்னவன் ஹோயல். பதினாறு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. ஆனால் பௌதிலியோ அறிந்த ஹோயல், வெளியே மாமரத்தடியில் நின்றிருந்த மூத்தவன் நெல்சன். பதினாறு வயதிலேயே பையன்களை வளைத்துப்போடும் அணிகளில் எது பத்தொன்பது வயதுக்காரனைச் சீந்தும்? பயிற்சி கொடுத்த சீத்தோதான் அந்த யோசனையைச் சொன்னான்: "சின்னவன் பந்தைத் தொடப்போறதில்ல. அவன் பேரும் வயசும் சும்மாதானே கெடக்கு?" சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எடுத்துக்கடா அண்ணா. அப்படியே என் கணக்குப் பரீட்சை மார்க்கையும் எடுத்துக்க." வருகிற ஜனவரியில் ஒப்பந்தம். தெருவுக்கே விஷயம் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

பௌதிலியோ நெல்சனின் தோளை அணைத்தபடி உள்ளே வந்தார். "மனசைத் தேத்திக்க ஹோயல். இனி வீட்டுக்கு நீதான் ஆம்பள." பிறகு பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "பாவம், அண்ணன்னே சொல்ல முடியாது. எவ்வளவு சின்ன முகம்!"

"சீக்காளி சார். வளரவே இல்ல," என்றாள் யொகாஸ்டா. சொன்ன நாக்கு அவளுக்கே கசந்தது.

ஜெபம் சொல்ல வந்த ஃபெலிசியா, மிலாக்ரோஸை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெல்சனும் யொகாஸ்டாவும் பின்னாலேயே போனார்கள்.

"ஜெபமாலையில மணிக்கு மணி பேர் சொல்லி வேண்டணும்டி. அந்த ஆளு முன்னால உட்கார்ந்திருக்கான். எந்தப் பேரைச் சொல்ல? நெல்சன்னு சொன்னா, உயிரோட நிக்கிற புள்ளைக்கில்ல ஆத்ம சாந்தி கேக்கறேன்? செத்த புள்ள ஜெபமில்லாமப் போவானே."



"நான் போய் உண்மையைச் சொல்லிடறேம்மா," என்றான் நெல்சன். "பந்து வேணாம். ஒண்ணும் வேணாம்."

"சும்மா இரு. ரெண்டு பேரையும் இன்னிக்கே குழியில இறக்கச் சொல்றியா?" மிலாக்ரோஸ் தோளில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெல்சன்னே சொல்லுங்க."

ஜெபம் தொடங்கியது. "நெல்சனின் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி தாரும்," என்று ஃபெலிசியா சொல்ல, தெருவே மறுமொழி சொன்னது. நெல்சனும் கைகூப்பிச் சொன்னான், தன் ஆத்துமாவுக்காக. ஒவ்வொரு தடவையும் மிலாக்ரோஸின் கை அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. யொகாஸ்டாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு அவளும் மறுமொழி சொன்னாள்.

அடக்கம் முடிந்து பௌதிலியோவின் ஜீப் கிளம்பிப் போனது. சாயங்காலம் யொகாஸ்டா சோறும் பயறும் ஆக்கி இறக்கினாள். நெல்சன் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

மிலாக்ரோஸ் கொல்லைக் கதவருகே வந்து நின்றாள்.

"ஹோயல், சாப்பிட வாடா."

வீட்டுக்குள் அவள் ஒருநாளும் நெல்சனை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அவன் நாலடி தூரத்தில்தான் நின்றான். பதில் சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஹோயல்..."

ஒரு தாய் மகனைச் சாப்பிடக் கூப்பிடுவதில் யாருக்கு என்ன சந்தேகம் வந்துவிடப் போகிறது? அவள் குரல் ஏறியது. "ஹோயலு... என் ராசா, ஹோயலு..." பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

நெல்சன் தலைகுனிந்து நின்றான். கூப்பிடட்டும் என்று நின்றான்.

யொகாஸ்டா எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, சோற்றுப் பானையை மறுபடி மூடினாள்.