சிவப்பு போன கண்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அரிகிருஷ்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. டி.ஃபார்ம் படித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். முதலில் கொஞ்ச நாள் "நான் டாக்டர் இல்லப்பா" என்று திருத்திப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். ஜுரமோ பேதியோ சேற்றுப்புண்ணோ, ஜனங்கள் முதலில் அவர் கடைக்குத்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். அவரிடம் வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

தை மாதத்து அறுப்பில் ஒருநாள் மேல்சித்தாமூரிலிருந்து மீனம்பாள் வந்தாள். மெஷின் அறுத்துப் போட்ட வைக்கோலைக் கட்டும்போது ஒரு தாள் இடது கண்ணில் குத்திவிட்டது. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கூடவே அவள் மகள் தமிழினி, காலேஜ் பையோடு நின்றாள்.

"உறுத்துதுண்ணா. கண்ணத் தொறக்க முடியல."

அரிகிருஷ்ணன் இமையைத் தூக்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். தூசி எதுவும் தெரியவில்லை. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அலமாரியிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். கிருமிக்கும் வீக்கத்துக்கும் சேர்த்தே மருந்து கலந்த சீசா அது. வீக்கத்தைக் குறைப்பது அதிலிருந்த ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று லேபிளிலேயே போட்டிருந்தது.

"நாலு வேள ஊத்து. ரெண்டு நாள்ல சிவப்பு போயிடும்."

போய்விட்டது. மூன்றாம் நாள் மீனம்பாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்க கை ராசிண்ணா" என்றாள். அவருக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் முழுசாகப் போடட்டும் என்று இன்னொரு சீசாவும் கொடுத்து அனுப்பினார்.

பதினோராம் நாள் தமிழினி அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்திருந்தது. அதன் ஓரம் பிய்த்த பஞ்சுபோல் பிசிறுபிசிறாக இருந்தது. பயிர் குத்தின கண்ணில் பூஞ்சை இறங்கும், அதற்கு ஸ்டீராய்டு தொடவே கூடாது என்று காலேஜில் படித்த ஒரு வரி, இருபத்திரண்டு வருஷம் எங்கேயோ கிடந்துவிட்டு அப்போதுதான் அரிகிருஷ்ணனுக்கு ஞாபகம் வந்தது.

"பாண்டிச்சேரிக்குப் போவணும். இப்பவே" என்றார்.

"அவ்ளோ தூரமா? எங்களுக்கு அங்க யாரையும் தெரியாதே?"

ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு அவரும் பஸ் ஏறினார்.

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் பார்த்தது வளர்மதி என்கிற டாக்டர். கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. பூஞ்சைதான்.

"இதுவரைக்கும் இன்னா மருந்து போட்டீங்க?"

தமிழினி பையிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் லேபிளைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"சிவப்பு போயிருக்குமே? வலியும் கொறஞ்சிருக்கும். ஆனா உள்ள பூஞ்சை நல்லா வளந்துகிட்டே இருந்திருக்கு. யாரு குடுத்தது இத?"

அரிகிருஷ்ணன் சுவரோரம் நின்றிருந்தார். மீனம்பாள் அவர் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"கடையில வாங்குனது மேடம்" என்று அவளேதான் சொன்னாள்.

"எந்தக் கடை?"

"பேரு தெரியலம்மா."

இருபது வருஷமாக அந்தக் கடைக்கு வருகிறவள் பேர் தெரியாது என்கிறாள். அரிகிருஷ்ணன் குனிந்துகொண்டார்.

மணிக்கு ஒரு தரம் பூஞ்சை மருந்து ஊற்றினார்கள். மீனம்பாளை வார்டில் சேர்த்தாயிற்று. அரிகிருஷ்ணன் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்துபோனார். மருந்துக்குப் பூஞ்சை கட்டுப்படவில்லை. கருவிழி கரைந்துகொண்டே போய், இரண்டாம் வாரக் கடைசியில் ஓட்டை விழுந்தது.

வளர்மதி டாக்டர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "சின்ன ஓட்டைன்னா பசை வச்சி அடைச்சிடுவோம். இது பெருசு. இனி கெட்ட கருவிழிய வெட்டி எடுத்துட்டு, செத்துப்போனவங்க தானமா குடுத்த கருவிழிய வச்சித் தைக்கணும். இத பார்வைக்காகச் செய்யல. கண்ணு மிஞ்சணும்னு செய்யறோம். பூஞ்சை முழுக்கப் போயிட்டா, ஒரு வருஷம் கழிச்சி பார்வைக்காக இன்னொரு தரம் மாத்திப் பாக்கலாம்."

"போவலன்னா?" என்று தமிழினி கேட்டாள்.

"கண்ண எடுக்கறதத் தவிர வேற வழி இல்ல."

மறுநாள் கடலூரில் இறந்துபோன ஒரு பெரியவரின் கண் வந்தது. ஆபரேஷன் நடந்தது. பதினாறு தையல். கட்டுப் பிரித்ததும் டாக்டர் விரலை ஆட்டிக் காட்டினார். "ரெண்டு" என்று மீனம்பாள் சொன்னாள். சரியாகவே சொன்னாள். அன்றைக்கு வார்டில் அவள் யாரிடமெல்லாமோ பேசினாள். யார் பெற்ற பிள்ளையோ, செத்தும் எனக்குக் கண் கொடுத்தானே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஊருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

பதினெட்டு நாள் கழித்து வலி திரும்பியது. புதுக் கருவிழியின் ஓரத்தில், தையலுக்கு அடியிலேயே, அதே வெள்ளை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை கண்ணின் உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

கண்ணை எடுக்கச் சம்மதம் என்ற தாளில் மீனம்பாள் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் அரிகிருஷ்ணனும் தமிழினியும்தான் இருந்தார்கள்.

"அந்த மருந்து நான் குடுத்தது தப்பும்மா. அதாலதான் இப்டி ஆயிடுச்சி" என்றார். ஒரு மாதத்துக்கு மேலாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு. வெளியே வந்தபோது இவ்வளவுதான் இருந்தது.

தமிழினி அவரைப் பார்க்காமலே பேசினாள். "எனக்குத் தெரியும் சார். இங்க வந்த மொத நாளே அந்த மருந்து பேர செல்லுல பாத்துட்டேன். டாக்டர் கேட்டப்பவே சொல்லிருப்பேன். அம்மாதான் தொடையக் கிள்ளிட்டாங்க. அப்பறமா கேட்டதுக்கு, அவரும் போயிட்டா இங்க நமக்காக யாரு பேசுவா, எந்த ரூம்பு எந்தச் சீட்டுன்னு யாரு காட்டுவான்னாங்க. அதுக்காகத்தான். உங்க மேல பாசத்துல இல்ல."

அவர் தலையாட்டினார்.

"நீங்க கூட வந்தீங்க. இல்லங்கல. ஆனா பயந்துகினு வந்தீங்க. நான் கம்ப்ளைண்ட் குடுக்கப் போறேன்."

"குடும்மா."

"நீங்க சொல்லித்தான் குடுக்கணும்னு இல்ல சார்."

உள்ளே அறுவை முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

மருந்து ஆய்வாளர் விசாரணைக்குக் கூப்பிட்டபோது அரிகிருஷ்ணன் வக்கீல் வைக்கவில்லை. சீட்டு இல்லாமல் விற்றீர்களா என்றதற்கு ஆமாம் என்றார். எத்தனை பேருக்கு என்றதற்குத் தெரியாது என்றார். அதுதான் உண்மை. சிவப்பு போய், திரும்பி வராமலே இருந்தவர்கள் எல்லாம் குணமானவர்கள்தானா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பதினோராம் நாள் வேறு ஊருக்கு, வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். கடை மூடிய இரண்டாம் நாளே ஜனங்கள் எதிர்வரிசைக் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் அன்புமணியிடம் அரிகிருஷ்ணன் நேரில் போய்ச் சொன்னார்.

"அந்தக் கண்ணு மருந்த மட்டும் சீட்டு இல்லாம குடுக்காத அன்பு. வயல்ல அடிபட்ட கண்ணுன்னா தொடவே தொடாத. பாண்டிச்சேரிக்கு அனுப்பிடு."

"உனக்கு நேரம் சரியில்ல. மாட்டிக்கின. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று அன்புமணி சிரித்தார். அப்போதே ஒருவர் வந்து கண் எரியுது என்றார். அன்புமணி அலமாரிப் பக்கம் திரும்பினார். அரிகிருஷ்ணன் அந்த ஆளின் கையைப் பிடித்து, வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இழுத்தார். அந்த ஆள் கையை உதறிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

சித்திரையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவர் மீனம்பாளைப் பார்த்தார். செயற்கைக் கண் பொருத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இடது பக்கமாகத்தான் அவர் போய் நின்றார். அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். பிறகு, "மீனம்பா" என்று கூப்பிட்டார்.

அவள் முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள்.

"நீங்களாண்ணா."

"வேலைக்குப் போறியா?"

"நடவுக்கு யாரும் கூப்பிடல. வரிசை கோணிடுதாம். ஆடு ரெண்டு வாங்கியிருக்கேன்." பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டாள். "தமிழினி உங்ககூடப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"சரிதான்."

"அவ சொல்றது ஞாயந்தான்ண்ணா" என்றாள் மீனம்பாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். மேல்சித்தாமூர் பஸ் வந்து நின்றது. தூரம் பிடிபடாமல், படிக்கென்று அவள் வைத்த கால் படியில் படவில்லை. அவர் கை நீட்டினார். அவள் கம்பியைத் தடவிப் பிடித்து, தானே ஏறிக்கொண்டாள்.